நிஃப்டி நகராது என்று தோன்றும்போது: அயர்ன் காண்டாரா, அயர்ன் ஃப்ளையா?

நிஃப்டி அடுத்த மூன்று நான்கு வாரம் பெரிதாக எங்கும் போகாது என்று ஒருவர் நினைக்கிறார். ஆப்ஷன் என்பது குறித்த நாளில் குறித்த விலையில் வாங்கும் உரிமை (கால்) அல்லது விற்கும் உரிமை (புட்). அந்த விலை ஸ்ட்ரைக், அந்த நாள் எக்ஸ்பைரி, உரிமையின் விலை பிரீமியம். ஆப்ஷன் விற்றுப் பிரீமியம் வாங்க வேண்டும், ஆனால் நட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும். அப்போது கையில் இருக்கும் முக்கியத் தேர்வுகள் இரண்டு: அயர்ன் காண்டார், அயர்ன் பட்டர்ஃப்ளை. பின்னதைச் சுருக்கமாக ஃப்ளை என்போம். இரண்டிலும் நான்கு லெக், அதாவது நான்கு தனி ஆப்ஷன். இரண்டு விற்கிறோம், வெளியே இரண்டு வாங்குகிறோம். வாங்கிய அந்த இரண்டும்தான் விங். அவை இல்லாவிட்டால் இது வெறும் ஸ்ட்ராங்கிள் (கால், புட் இரண்டையும் வெவ்வேறு ஸ்ட்ரைக்கில் விற்பது) அல்லது ஸ்ட்ராடில் (ஒரே ஸ்ட்ரைக்கில் விற்பது). நட்டத்துக்குத் தரை கிடையாது.

இணையத்தில் இந்த இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எக்ஸ்பைரி நாளின் லாப நட்டக் கோட்டை வரைந்து காட்டுவார்கள். காண்டாருக்குத் தட்டையான மேசை, ஃப்ளைக்குக் கூரான கூடாரம். மேசை அகலம், அதனால் காண்டார் பாதுகாப்பு என்று முடித்துவிடுவார்கள். ஆனால் எக்ஸ்பைரிவரை இவற்றை வைத்திருக்கவே கூடாது என்றும் அவர்களே அடுத்த பத்தியில் சொல்வார்கள். வைத்திருக்காத நாளின் படத்தைப் பார்த்து ஏன் முடிவெடுக்க வேண்டும்? பார்க்க வேண்டியது நடுவழியின் படம். அதைப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். அந்த மாத பியூச்சர் விலை 25,000. எக்ஸ்பைரிக்கு 28 நாள். ஐ.வி. (சந்தை எதிர்பார்க்கும் ஆண்டு ஏற்ற இறக்கம், சதவீதத்தில்) எல்லா ஸ்ட்ரைக்கிலும் 13 என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் புட் பக்கம் ஐ.வி. கூடுதலாகவும் தூரக் கால் பக்கம் குறைவாகவும் இருக்கும். ஒப்பீட்டின் போக்கு அதனால் மாறாது. லாட், அதாவது ஓர் ஒப்பந்தத்தின் அளவு, 65. 2024 ஏப்ரலில் 25 ஆக இருந்த லாட், அந்த ஆண்டு நவம்பரில் 75 ஆகி, 2026 ஜனவரித் தொடரிலிருந்து 65 ஆனது. பழைய வீடியோக்களில் வரும் ரூபாய்க் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

28 நாளில் சந்தை எதிர்பார்க்கும் ஒரு படி நகர்வு, அதாவது ஒரு திட்ட விலக்கம், எவ்வளவு? 13 சதவீதத்தை 28/365-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 3.6 சதவீதம், அதாவது 900 புள்ளி. இந்த 900-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காண்டார்: 25,900 கால், 24,100 புட் இரண்டையும் தலா 75-க்கு விற்கிறோம். 26,300 கால், 23,700 புட் இரண்டையும் தலா 30-க்கு வாங்குகிறோம். கையில் வருவது 90 புள்ளி, 5,850 ரூபாய். அதிகபட்ச நட்டம் 400-லிருந்து 90 போக 310 புள்ளி, 20,150 ரூபாய். எக்ஸ்பைரியில் 24,010-க்கும் 25,990-க்கும் இடையில் நின்றால் லாபம்.

ஃப்ளை: 25,000 கால், 25,000 புட் இரண்டையும் தலா 359-க்கு விற்கிறோம். 25,700 கால், 24,300 புட் இரண்டையும் தலா 112-க்கு வாங்குகிறோம். கையில் வருவது 494 புள்ளி. அதிகபட்ச நட்டம் 206 புள்ளி, 13,390 ரூபாய். லாப எல்லை 24,506 முதல் 25,494 வரை. அதிகபட்ச லாபம் 32,110 ரூபாய் என்று ஆப் காட்டும். எக்ஸ்பைரியில் நிஃப்டி சரியாக 25,000-இல் முடிந்தால்தான் அது கிடைக்கும். கிடைக்காத தொகை என்றே அதை எண்ணிக்கொள்வது நல்லது.

எக்ஸ்பைரியில் லாப எல்லைக்குள் நிற்கும் வாய்ப்பு காண்டாருக்கு ஏறக்குறைய 73 சதவீதம், ஃப்ளைக்கு 42 சதவீதம். இந்த 73-ஐப் பார்த்துத்தான் பலர் காண்டாருக்குள் வருகிறார்கள். ஆனால் 90 சம்பாதிக்க 310-ஐப் பணயம் வைத்திருக்கிறோம். முழு லாபம் அல்லது முழு நட்டம் என்று மட்டும் நடந்தால், நூற்றுக்கு 77 அல்லது 78 தடவை ஜெயித்தால்தான் முதல் தேறும். நடைமுறையில் சில நட்டங்கள் பாதியில் நின்றுவிடுவதால் கணக்கு ஏறக்குறைய சமமாகிறது. ஜெயிக்கும் வாய்ப்பு கூடும்போது ஒரு தோல்வியின் விலையும் கூடுகிறது. சந்தை இலவசமாக எதையும் கொடுக்கவில்லை.

இனி நடுவழி. 14 நாள் கழிந்துவிட்டது, 14 நாள் மிச்சம், ஐ.வி. அதே 13. அன்றைக்கு நிஃப்டி எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து ஒரு லாட்டில் லாப நட்டம், செலவுக்கு முன்:

| நிஃப்டி | ஃப்ளை | காண்டார் |
|---|---|---|
| 25,000 | +4,700 | +3,500 |
| 25,500 | +600 | +900 |
| 25,900 | −5,300 | −4,200 |
| 26,200 | −8,900 | −8,700 |

மேசைக்கும் கூடாரத்துக்கும் இருந்த பெரிய வித்தியாசம் எங்கே? எக்ஸ்பைரியன்று 25,900-இல் நின்றால் காண்டாருக்கு முழு லாபம், ஃப்ளைக்கு முழு நட்டம். ஆனால் பாதி வழியில் அதே இடத்தில் இரண்டுமே அடி வாங்கியிருக்கின்றன. வித்தியாசம் ஆயிரம் சொச்சம் ரூபாய்தான். 1,200 புள்ளி நகர்ந்தால் இரண்டும் ஒன்று. அதற்கு மேலே போகப் போகக் காண்டார் 20,150-ஐ நோக்கிப் போகும், ஃப்ளை 13,390-இல் நின்றுவிடும்.

ஆக, காண்டாரின் அகலம் கடைசிப் பத்து நாளில்தான் கைக்கு வருகிறது. அந்தப் பத்து நாளை நீங்கள் வைத்திருக்கப் போவதில்லை என்றால், வாராத அகலத்துக்காக முதலிலேயே விலை கொடுத்திருக்கிறீர்கள்.

ஐ.வி. ஏற்றத்திலும் இதே கதை. பொசிஷன் போட்ட மறுநாளே, நிஃப்டி ஒரு புள்ளிகூட அசையாமல், ஐ.வி. மட்டும் 13-லிருந்து 17-க்கு ஏறினால் ஃப்ளையில் சுமார் 45 புள்ளி நட்டம் காட்டும், காண்டாரில் 51. தூர ஸ்ட்ரைக் விற்றால் விக்ஸ் (நிஃப்டி ஆப்ஷன்களின் ஐ.வி.யைக் காட்டும் குறியீடு) ஏற்றம் தொடாது என்பது தவறான நம்பிக்கை. 90 புள்ளி வாங்கிய இடத்தில் 51 போவது, 494 வாங்கிய இடத்தில் 45 போவதைவிட மனத்தை அதிகமாக ஆட்டும். பதறி வெளியேறுவது பெரும்பாலும் இங்கேதான்.

செலவு என்று வந்தால் இடைவெளி இன்னும் தெளிவு. நான்கு லெக் உள்ளே, நான்கு லெக் வெளியே, ஆக எட்டு ஆர்டர். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் 160. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. விற்கும் பிரீமியத்தின் மேல் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி): 2024 அக்டோபர் 1-இல் 0.0625-லிருந்து 0.1 சதவீதமானது, 2026 ஏப்ரல் 1 முதல் 0.15. என்எஸ்இ பரிவர்த்தனைக் கட்டணம் பிரீமியத்தில் சுமார் 0.035 சதவீதம். இவையெல்லாம் சேர்ந்து காண்டாருக்கு 220 ரூபாய் அளவிலும், பிரீமியம் பெரிதாக இருப்பதால் ஃப்ளைக்கு 320 அளவிலும் வரும். பில்லில் வராத செலவு ஸ்லிப்பேஜ், அதாவது நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம். லெக்குக்கு முக்கால் ரூபாய் விட்டுக்கொடுத்தால்கூட எட்டு ஆர்டருக்கு 390 ரூபாய். மொத்தத்தில் காண்டார் 600, ஃப்ளை 700 என்று வைத்துக்கொள்ளலாம்.

காண்டாரில் வழக்கமான இலக்கு வாங்கிய பிரீமியத்தில் பாதி, அதாவது 45 புள்ளி, 2,925 ரூபாய். அதில் 600 செலவு என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஃப்ளையில் 20 சதவீத இலக்கு வைத்தால் 99 புள்ளி, 6,400 ரூபாய். 700 செலவு அதில் ஒன்பதில் ஒரு பங்கு. லாட் கூடினால் புரோக்கரேஜின் பங்கு கரையும், ஸ்லிப்பேஜ் கரையாது.

வார எக்ஸ்பைரியில் இதே காண்டாரைப் போட்டால்? ஏழு நாளுக்கு எதிர்பார்க்கும் நகர்வு 450 புள்ளி. 25,450 கால், 24,550 புட் விற்று, 200 தள்ளி விங் வாங்கினால் வருவது 45 புள்ளி. அதில் பாதி 1,460 ரூபாய். செலவு அதே 600-க்குப் பக்கம். லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கட்டணமாகப் போகிறது, அதுவும் ஜெயித்த வாரங்களில். தோற்ற வாரத்தில் செலவு தனி. ஒரு லாட், இரண்டு லாட் போடுகிறவருக்கு வாரக் காண்டார் உழைப்புக்கேற்ற கூலி தராது. 2024-25 நிதியாண்டில் பங்கு டெரிவேடிவ் (பியூச்சர், ஆப்ஷன்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நிகர நட்டம் கண்டார்கள், மொத்த நட்டம் 1,05,603 கோடி ரூபாய் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கணக்கிட்டது. கட்டணம் அதில் சின்னப் பங்கு அல்ல.

ஃப்ளையின் பலவீனத்தையும் மறைக்க வேண்டியதில்லை. முதலாவது, பொறுமை. நிஃப்டி 14 நாளும் 25,000-இலேயே உட்கார்ந்திருந்தாலும் கிடைப்பது 73 புள்ளிதான், அதாவது வாங்கிய பிரீமியத்தில் 15 சதவீதம். 20 சதவீத இலக்கு வரப் பதினொரு நாள் மிச்சமிருக்கும் அளவுக்குக் காத்திருக்க வேண்டும். அதே 14 நாளில் காண்டார் தன் அதிகபட்ச லாபத்தில் 60 சதவீதத்தைக் காட்டியிருக்கும். ஆளை உற்சாகமாக வைத்திருக்கும். இரண்டாவது, கடைசி நாட்கள். 14 நாள் மிச்சமிருக்கும்போது மையத்திலிருந்து 500 புள்ளி நகர்ந்தால் ஃப்ளை இழப்பது 4,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். மூன்று நாள் மட்டும் மிச்சமிருக்கும்போது அதே 500 புள்ளி, கையிலிருந்த லாபத்தில் 15,000 ரூபாயைத் துடைத்துவிடும். 260 புள்ளி லாபம் 27 ஆகிவிடும். காமா என்று புத்தகத்தில் படிப்பது இதைத்தான். திங்கட்கிழமை காலை 16,000 ரூபாய் லாபம் காட்டிய ஃப்ளையை 'இன்னும் ஒரு நாள்' என்று வைத்திருக்கத் தோன்றும். அந்த ஒரு நாள்தான் ஃப்ளை வியாபாரத்தின் பெரிய ஓட்டை.

காண்டாருக்கு இன்னொரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: சரிக்கட்டுதல். நிஃப்டி 25,500-க்கு ஏறிவிட்டது, 14 நாள் மிச்சம், புட் ஸ்ப்ரெட் (விற்ற புட்டும் வாங்கிய புட்டும் சேர்ந்த ஜோடி) 3 புள்ளிக்கு வந்துவிட்டது. அதை மூடிவிட்டு மேலே 24,900 புட் விற்று 24,500 புட் வாங்குகிறார்கள். 45 புள்ளி வருகிறது, மூடியதற்கு 3 போக நிகரமாக 42. மொத்தப் பிரீமியம் 132 ஆகிறது, அதிகபட்ச நட்டம் 17,420-ஆகக் குறைகிறது. நல்லதுதானே என்று தோன்றும். எல்லைகளைப் பாருங்கள். மேல் எல்லை 25,990-லிருந்து 26,032 ஆனது. கூடியது 42 புள்ளி. கீழ் எல்லை 24,010-லிருந்து 24,768-க்கு வந்துவிட்டது; இழந்தது 758 புள்ளி. ஏறிய நிஃப்டி அடுத்த வாரம் இறங்கினால், முதலில் தொடவே வாய்ப்பில்லாமல் இருந்த பக்கத்தில் நட்டம். இதற்கு நான்கு ஆர்டர் செலவு வேறு. ஏறும் பக்கம் இன்னும் ஏறும் என்று கருத்து இருந்தால் இப்படிச் செய்யலாம். கருத்து எதுவும் இல்லாமல், சிவப்பு எண்ணைப் பார்க்கப் பிடிக்காமல் செய்வதென்றால் மூடிவிடுவதே மலிவு.

அடிபட்ட பக்கத்தை மேலும் தள்ளி, கையிலிருந்து பணம் கொடுத்து உருட்டுவது இன்னும் மோசம். அதிகபட்ச நட்டம் என்று முதலில் எழுதி வைத்த எண் அங்கே கூடிவிடுகிறது. எல்லையுள்ள நட்டம் என்ற பெயரே அப்போது பொருந்தாது.

விங் எதற்கு என்று சந்தேகம் வந்தால் 2025 ஏப்ரல் 7-ஐப் பார்த்தால் போதும். வெள்ளிக்கிழமை 22,904.45-இல் முடிந்த நிஃப்டி, அமெரிக்க வரி அறிவிப்பின் பின்னே திங்களன்று 21,758.40-இல் திறந்தது. ஒரே தாவலில் 1,146 புள்ளி. நடுவில் எந்த விலையிலும் யாரும் வெளியேறியிருக்க முடியாது, ஸ்டாப்லாஸ் எங்கே வைத்திருந்தாலும். அன்றைக்கு அது 22,161.60-க்கு மீண்டு முடிந்தது. விங் வைத்திருந்தவருக்கு 9.15-க்கு ஓடி வந்து கிடைத்த விலையில் மூட வேண்டிய அவசியம் இல்லை. நட்டம் எவ்வளவு போகும் என்பது ஏற்கெனவே தெரியும். வெறும் ஸ்ட்ராங்கிள் வைத்திருந்தவருக்கு அந்த வசதி இல்லை. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள், இன்னொரு பாடம். முந்தைய நாள் 23,263.90-இல் முடிந்தது, அன்று 21,884.50. அது தெரிந்த தேதி. விக்ஸ் உயர்ந்து பிரீமியம் கொழுத்திருந்தது. பிரீமியம் கொழுத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டுதான் அப்படிப்பட்ட நாளைத் தாண்டிப் பொசிஷன் வைக்க வேண்டும். பட்ஜெட், ரிசர்வ் வங்கி வட்டி முடிவு எல்லாம் இதே வகை.

இப்படி ஒரு தாவலில் முழு நட்டமும் வரலாம் என்று வைத்துத்தான் மூலதனத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு பொசிஷனில் மூலதனத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பவருக்கு, மேலே சொன்ன ஃப்ளை ஒரு லாட்டுக்கு 2.7 லட்சம் தேவை, காண்டாருக்கு 4 லட்சம். பாதுகாப்பானது என்று பெயர் வாங்கியதுதான் அதிக மூலதனம் கேட்கிறது. பிணைப் பணமான மார்ஜினைப் பார்த்து லாட் எண்ணிக்கையை முடிவு செய்வது தவறு. புரோக்கர் கேட்கும் மார்ஜின் உங்கள் நட்டத்தாங்கு சக்தியைப் பற்றி எதுவும் சொல்லாது.

காண்டாரின் விங்கை நெருக்கி நட்டத்தைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். 400-க்குப் பதில் 200 தள்ளி வாங்கினால் அதிகபட்ச நட்டம் குறையும்தான், ஆனால் பிரீமியமும் சுருங்கும், எட்டு ஆர்டரின் செலவு சுருங்காது. லாட்டைக் குறைக்க முடியாத சிறு கணக்குக்கு அது ஓர் இடைவழி, அவ்வளவுதான். ஃப்ளையில் விங்கின் அகலத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஸ்ட்ராடில் மொத்த விலை எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் விங். ஸ்ட்ராடில் 718, அதனால் 700. அதைவிட நெருக்கினால் நட்டம் குறையும், லாப எல்லையும் குறுகும். மிகவும் தள்ளினால் மெல்ல மெல்ல வெறும் ஸ்ட்ராடிலாகவே ஆகிவிடும்.

மற்ற இரண்டு மாற்றுகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். 24,300, 25,000, 25,700 மூன்றிலும் கால் மட்டுமே வைத்துக் கட்டும் சாதாரண பட்டர்ஃப்ளை, லாப நட்டத்தில் அயர்ன் ஃப்ளையேதான். 206 புள்ளி கொடுத்து வாங்குகிறோம் என்பதால் 'இது வாங்கும் உத்தி, அது விற்கும் உத்தி' என்று சிலர் பிரிப்பார்கள். கால் புட் சமநிலைப்படி (ஒரே ஸ்ட்ரைக்கின் கால், புட் விலைகளை இணைக்கும் விதி) இரண்டும் ஒரே பொருள். நம் சந்தையில் அயர்ன் வடிவம் மேல். 24,300 கால் பணத்துக்குள் ஆழமாக (ஸ்ட்ரைக் சந்தை விலைக்கு வெகு கீழே), 800 புள்ளிக்கு மேல் விலையில் இருக்கும். அங்கே வாங்குவோர் விற்போர் குறைவு, விலை இடைவெளி அகலம். போதாக்குறைக்கு அதை எக்ஸ்பைரிவரை விட்டுவிட்டால் உள்ளார்ந்த மதிப்பின் மேல் எஸ்டிடி விழும்.

கேலண்டர் ஸ்ப்ரெட், அதாவது இந்த மாத 25,000 விற்று அடுத்த மாத 25,000 வாங்குவது, ஐ.வி. ஏறினால் லாபம் தரும் நடுநிலை உத்தி. விக்ஸ் 11, 12 என்று கிடக்கும் காலத்தில் காண்டார், ஃப்ளை இரண்டும் சொற்பப் பிரீமியத்துக்குப் பெரிய ஆபத்தைத் தோளில் ஏற்றும். அப்போது கேலண்டரை எண்ணிப் பார்க்கலாம், அல்லது சும்மா இருக்கலாம். ஒரு கண்ணி உண்டு. 2025 பிப்ரவரி 1 முதல் எக்ஸ்பைரி நாளில் கேலண்டருக்கான மார்ஜின் சலுகை கிடையாது. முந்தைய நாளே மூடாவிட்டால் அன்று காலை மார்ஜின் பற்றாக்குறையும் அபராதமும் வரலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அமெரிக்கப் புத்தகங்களில் நடுவில் அசைன்மென்ட் (வாங்கியவர் உரிமையைக் கேட்க, விற்றவர் நிறைவேற்ற வேண்டிவருவது) வரும் ஆபத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நிஃப்டி ஆப்ஷன் ஐரோப்பிய வகை (எக்ஸ்பைரியில் மட்டுமே உரிமையைப் பயன்படுத்தலாம்), பணமாகத் தீர்வு. அந்த ஆபத்து இங்கே இல்லை. ஆனால் இதே காண்டாரைத் தனிப் பங்கின் ஆப்ஷனில் போட்டால் கதை வேறு. அங்கே பங்கையே கொடுத்து வாங்கும் தீர்வு. எக்ஸ்பைரியில் ஒரு லெக் மட்டும் பணத்துக்குள் நின்றால் லட்சக்கணக்கில் பங்கை எடுக்கவோ கொடுக்கவோ வேண்டிவரும். அதனால் இண்டெக்ஸோடு நிற்பது நல்லது.

யாருக்கு எது? ஒன்றிரண்டு லாட், தினமும் ஒரு தடவையாவது திரையைப் பார்க்க முடிகிறவர், விக்ஸ் 13-க்கு மேல்: மாத ஃப்ளை. 28 நாளுக்குப் பக்கத்தில் நுழைந்து, 20 சதவீத இலக்கு, இல்லாவிட்டால் பத்து நாள் மிச்சமிருக்கும்போது என்ன காட்டுகிறதோ அதோடு வெளியே. நட்டம் 90, 100 புள்ளியைத் தொட்டாலும் வெளியே. அது லாப இலக்குக்குச் சமம். நிஃப்டி லாப எல்லையைத் தொட்டதும் வெளியேற வேண்டியதில்லை. மேலே பார்த்தோம், பாதி வழியில் அந்த இடத்தில் கணக்கு சமமாகத்தான் நிற்கிறது. வேலைக்குப் போய்விட்டு வாரத்தில் இரண்டு தடவைதான் பார்க்க முடியும், கடைசி வாரம்வரை விட்டுவிடுவேன் என்கிறவருக்குக் காண்டார். அவருக்கு அந்த அகலம் உண்மையாகவே பயன்படும். ஆனால் மூலதனம் கூடுதலாக வேண்டும், பாதி லாபத்தில் மூடும் ஆர்டரை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும், நட்டம் வாங்கிய பிரீமியத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 180 புள்ளி ஆனதும் மூட வேண்டும். பத்து லாட்டுக்கு மேல் போடுகிறவர்களில் சிலர் இரண்டையும் கலந்து வைப்பதும் உண்டு.

ஆர்டர் போடும் முறையில் நடக்கும் தவறுகள் உத்தித் தேர்வைவிட அதிகம் பணம் தின்கின்றன. முதலில் விங் இரண்டையும் வாங்குங்கள், பிறகு விற்கும் லெக்குகள். மாற்றிச் செய்தால் ஷார்ட்டுக்கு (விற்ற ஆப்ஷனுக்கு) முழு மார்ஜின் கேட்டு ஆர்டர் நிராகரிக்கப்படும்; நான்கில் இரண்டு மட்டும் உள்ளே போய்ப் பாதி உடம்போடு நிற்பீர்கள். சில புரோக்கர்கள் தூர ஸ்ட்ரைக்கை வாங்க விடுவதில்லை. விங்குக்கு நினைத்த ஸ்ட்ரைக் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், பேஸ்கெட் ஆர்டரில் நான்கையும் போட்டால் மொத்த மார்ஜினும் தெரிந்துவிடும். எல்லாம் லிமிட் ஆர்டர், அதாவது விலையை நீங்களே குறிப்பது. மார்க்கெட் ஆர்டர் போட்டால் ஆள் நடமாட்டம் இல்லாத ஸ்ட்ரைக்கில் எந்த விலையிலும் முடியும். ஆப்ஷனில் மார்க்கெட் வகை ஸ்டாப்லாஸை என்எஸ்இ 2021 செப்டம்பரில் நிறுத்தியதே இப்படிப்பட்ட விபரீத விலைகளுக்குப் பிறகுதான். விங்கைத் தேர்வு செய்யும்போது 100-இன் மடங்கில் உள்ள ஸ்ட்ரைக்கை எடுங்கள். 50-இல் முடிவதைவிட அங்கே கூட்டம் அதிகம். காலை 9.15 முதல் 9.30 வரை விலை இடைவெளி அகலமாக இருக்கும், அதைத் தவிர்க்கலாம்.

வெளியேறும்போது வரிசை தலைகீழ். விற்றதை முதலில் திரும்ப வாங்கி, பிறகு விங்கை விற்க வேண்டும். விங்கில் இரண்டு ரூபாய் மிச்சம் இருக்கிறதே என்று அதை முதலில் விற்கிறவர்கள், அந்த நிமிடத்தில் வெறும் ஷார்ட்டோடு நிற்கிறார்கள், மார்ஜின் எகிறும்.

எக்ஸ்பைரி நாள் இப்போது செவ்வாய், விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வர்த்தக நாள். அன்று ஒவ்வொரு ஷார்ட் ஆப்ஷனுக்கும் கூடுதலாக 2 சதவீத மார்ஜின் உண்டு. 25,000-இல் ஒரு லாட்டின் மதிப்பு 16.25 லட்சம், ஆக ஒரு ஷார்ட் லெக்குக்கு 32,500 ரூபாய் கூடுதல். கணக்கில் அந்தப் பணம் இல்லாவிட்டால் புரோக்கரின் கணினி தனக்குத் தோன்றிய லெக்கை, தனக்குக் கிடைத்த விலையில் மூடும். நீங்கள் நினைத்த வரிசையில் அல்ல. எனவே ஏதோ காரணத்தால் கடைசி வாரம்வரை வந்துவிட்ட பொசிஷனைத் திங்கள் பிற்பகல் மூன்று மணிக்குள் மூடிவிடுங்கள்.